விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் கருவிகள்: எடைமேடைக் கணக்கை வைத்து ஒரு விளக்கம்

சேலத்தைச் சுற்றி ஆத்தூர், வாழப்பாடி, தலைவாசல் என்று எந்தப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) பாக்டரி ஆபீசுக்குப் போனாலும் மேஜையில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். டேலி அதில் ஓடுகிறது. எடைமேடை சாஃப்ட்வேரும் அதில்தான் ஓடுகிறது. பில் அடிக்கும் பிரிண்டரும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. அங்கே போய் "லினக்ஸுக்கு மாறிவிடுங்கள்" என்று சொல்வது நடக்காத காரியம், சொல்லவும் வேண்டியதில்லை. விண்டோஸைப் போல யூனிக்ஸும் ஓர் இயங்குதளம், லினக்ஸ் அதன் வழியில் வந்தது. யூனிக்ஸ் உலகத்தின் கருவிகளை விண்டோஸுக்குள்ளேயே கொண்டுவர இன்று நல்ல வழிகள் பல இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வழியும் உள்ளுக்குள் வேறு விதமாக வேலை செய்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் கமாண்ட் சரியாக ஓடும், கூட்டுத்தொகை மட்டும் தப்பாக வரும். பணம் பட்டுவாடா ஆகும் இடத்தில் இதைவிட மோசமான பிழை கிடையாது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மரவள்ளிக் கிழங்கு லோடு எடைமேடையில் ஏறி இறங்கும்போது ஒரு வரி பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, வண்டி எண், நிகர எடை, மாவுச்சத்து பாயிண்ட், ஊர். கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில்தான் என்பதால் இந்த விவரங்கள் இல்லாமல் விவசாயிக்குப் பணம் போகாது. மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி ஃபைல் (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) என்று சீசன் முடியும்போது ஒரு ஃபோல்டர் நிறைந்திருக்கும். எந்த ஊரிலிருந்து எத்தனை லோடு வந்தது என்று முதலாளி கேட்கிறார்.

யூனிக்ஸில் இதற்குத் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டாம். 'கேட்' எல்லா ஃபைலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். 'கட்' காற்புள்ளியைப் பார்த்து ஐந்தாவது பத்தியை, அதாவது ஊரை மட்டும் எடுக்கும். 'சார்ட்' ஒரே ஊர்ப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரும். 'யுனிக்' அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்கி, எத்தனை என்ற எண்ணை முன்னால் போடும். கடைசியில் இன்னொரு 'சார்ட்', அந்த எண்ணைப் பார்த்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும். ஐந்து கருவிகளுக்கும் நடுவில் | என்ற குறி, அவ்வளவுதான். கிழங்கைக் கழுவுவது, தோல் உரிப்பது, அரைப்பது, பாலைத் தொட்டியில் படிய விடுவது என்று பாக்டரியில் ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை மட்டும் முடித்து அடுத்ததற்குத் தள்ளிவிடுவது போன்ற ஏற்பாடு இது.

"இதை எக்செல்ல ஃபில்டர் போட்டே எடுத்துக்கலாமே தம்பி?" என்று ஆபீஸ் கணக்கர் கேட்பார்.

"எடுக்கலாங்கண்ணா. ஆனா அடுத்த மாசமும் மொதல்ல இருந்து எடுக்கணும். இதை ஒரு தடவை எழுதி வெச்சுட்டா, மறுபடியும் அதே வரிதாங்க."

எக்செல்லோடு ஒப்பிட்டால் இந்த முறையின் பலம் வேகம் மட்டுமல்ல. செய்த வேலை எழுத்தில் இருக்கிறது. யார் எந்தக் கட்டத்தில் எந்த ஃபில்டரைப் போட்டார், எதை எடுக்க மறந்தார் என்று தேட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் படித்தாலே தெரியும்.

சராசரிக்கு வந்தால் இன்னும் தெளிவாகும். 25 பாயிண்டில் 10 டன், 30 பாயிண்டில் 2 டன் வந்திருந்தால் பாயிண்ட் பத்தியின் சராசரி 27.5 என்று வரும். எடையையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான சராசரி 25.83. 'ஆக்' என்ற சின்ன மொழியில் ஒவ்வொரு வரியிலும் எடையைப் பாயிண்டால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் மொத்த எடையால் வகுத்தால் போதும். ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிஹான் மூவரும் 1977-ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மொழி இது. பத்தி பத்தியாகப் பிரிந்த தகவலைக் கூட்டிக் கழிப்பதற்கென்றே செய்தது என்பதால் எடைமேடை ஃபைலுக்கு அப்படியே பொருந்துகிறது.

விண்டோஸில் இது ஏன் முதலிலிருந்தே இல்லை

கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைத் தொடங்கியது 1969-ல். டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதால் 1973-ல் அதில் பைப் வந்தது, அதாவது ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்ததற்குத் தள்ளும் குழாய். மைக்ரோசாஃப்டுக்கு இதெல்லாம் தெரியாத சங்கதி அல்ல. 1980-லேயே ஜெனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸ் விற்ற கம்பெனி அது. 1983-ல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0-விலும் | குறி உண்டு. ஆனால் டாஸ் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். எனவே முதல் புரோகிராமின் வெளியீட்டை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதிவைத்து, அது முடிந்த பிறகு இரண்டாவதற்குக் கொடுத்தது. பின்னால் விண்டோஸ் என்டி வந்தபோது பைப் உண்மையான பைப்பாகவே ஆகிவிட்டது. ஆக, இன்று கமாண்ட் பிராம்ப்டில் குழாய்க்குக் குறைவில்லை, குழாயில் கோர்க்கும் கருவிகள்தான் இல்லை. 'ஃபைண்ட்', 'ஃபைண்ட்ஸ்டர்', 'சார்ட்', 'மோர்' என்று விரல்விட்டு எண்ணினால் தீர்ந்துவிடும்.

1993-ல் வந்த விண்டோஸ் என்டி 3.1-ல் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்துக்கு ஒரு துணை அமைப்பு இருந்தது. அமெரிக்க அரசின் கொள்முதல் விதிக்காகச் செய்தது அது. அன்றாட வேலைக்கு ஆகும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. உண்மையான தொடக்கம் வெளியிலிருந்துதான் வந்தது: 1995-ல் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் கம்பெனியின் ஸ்டீவ் சேம்பர்லைன் தொடங்கிய சிக்வின்.

மூன்று வழிகள், மூன்று விதமான உள் வேலை

சிக்வினின் யோசனை இது. யூனிக்ஸ் புரோகிராம் ஒன்று கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) கேட்கும் வேலைகளையெல்லாம் ஒரே ஒரு டிஎல்எல் ஃபைல் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் நிரல் தொகுப்பு) வாங்கி, விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். புரோகிராமை அந்த டிஎல்எல்லோடு சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் அது விண்டோஸ் புரோகிராமாக ஓடும். இன்று பெரும்பாலானோர் கையில் இருக்கும் கிட் பேஷ் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியோடு வரும் கமாண்ட் ஜன்னல்) இதன் வழிவந்ததுதான். சிக்வினிலிருந்து பிரிந்த எம்சிஸ்2 மேல்தான் அது நிற்கிறது. கிட் நிறுவியிருக்கிறீர்கள் என்றால் கிரெப் (சொல்லைத் தேடுவது), செட் (எழுத்தை மாற்றுவது), ஆக், சார்ட் எல்லாம் ஏற்கெனவே உங்கள் மெஷினில் உள்ளன. பலருக்கு இது தெரிவதில்லை.

இந்த வழியில் ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு. யூனிக்ஸில் புதிய ப்ராசஸ் (ஓடும் நிலையில் உள்ள புரோகிராம்) பிறப்பது 'ஃபோர்க்' மூலம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தன்னை அப்படியே நகலெடுக்கும். யூனிக்ஸ் கர்னலுக்கு அது மலிவான வேலை. விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை, ஒவ்வொரு ப்ராசஸையும் புதிதாகவே தொடங்கும். எனவே சிக்வின் ஒரு புதிய ப்ராசஸைத் தொடங்கி, பழையதன் மெமரியை அதற்குள் நகலெடுத்து, ஃபோர்க் நடந்தது போலக் காட்ட வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு புதிய ப்ராசஸையும் ஆன்டிவைரஸ் வேறு நிறுத்திச் சோதிக்கும். அதனால் வரிக்கு ஒரு 'கட்' கூப்பிடும் லூப் ஸ்கிரிப்ட், லினக்ஸில் கண் மூடித் திறப்பதற்குள் முடிவது, கிட் பேஷில் டீ குடித்துவிட்டு வரும்வரை ஓடும். லூப்பை எடுத்துவிட்டு வேலை முழுவதையும் ஒரே ஆக் கமாண்டிடம் கொடுத்தால் அதே மெஷினில் உடனே முடியும். விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகள் மெதுவாக ஓடுகின்றன என்று குறைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது வழி, நடுவில் எந்த டிஎல்எல்லும் இல்லாமல் கருவிகளை நேரடியாக விண்டோஸ் புரோகிராம்களாகவே மாற்றி எழுதுவது. இதில் எனக்குப் பிடித்தது விண்டோஸுக்கான பிஸிபாக்ஸ். ஒரே ஒரு இஎக்ஸ்இ ஃபைல், ஒரு எம்பி கூட வராது, நிறுவ வேண்டாம், அட்மின் பாஸ்வேர்ட் வேண்டாம். ஷெல் (கமாண்டுகளை வாங்கி ஓட்டுவது), ஆக், செட், கிரெப், சார்ட் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஆபீஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழை வலுத்தால் சிக்னல் போய்விடும். நூற்றுக்கணக்கான எம்பி டவுன்லோட் செய்வது அங்கே பெரும் பாடு. காபித் தோட்டத்துக்கு மழைக் கணக்கு உயிர். மார்ச், ஏப்ரலில் பூ மழை எந்தத் தேதியில் எத்தனை சென்ட் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) பெய்தது என்று வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பென் டிரைவில் எடுத்துப்போன பிஸிபாக்ஸும் பத்து வரி ஆக் ஸ்கிரிப்ட்டும் தாராளம்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் தானே கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல், அதாவது லினக்ஸ் புரோகிராம்களை விண்டோஸுக்குள் ஓட்டும் ஏற்பாடு. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-க்கு வந்த முதல் பதிப்பில் லினக்ஸ் கர்னல் கிடையாது. லினக்ஸ் புரோகிராம் கேட்கும் ஒவ்வொரு சிஸ்டம் காலையும் (கர்னலிடம் வைக்கும் கோரிக்கையையும்) விண்டோஸ் கர்னல் தானே மொழிபெயர்த்துச் செய்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்காகக் கம்பைல் செய்த புரோகிராம் ஒரு பைட் மாறாமல் விண்டோஸில் ஓடியது பெரிய சாதனைதான். ஆனால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொடும் வேலைகளில் திணறியது, சில சிஸ்டம் கால்கள் விடுபட்டும் இருந்தன. 2020 மே மாதம் விண்டோஸ் 10-ல் வந்த இரண்டாம் பதிப்பு, சிறிய விர்ச்சுவல் மெஷினுக்குள் (சாஃப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டருக்குள்) உண்மையான லினக்ஸ் கர்னலையே ஓட்டுகிறது. ஃபோர்க் உண்மையான ஃபோர்க், ஃபைல் சிஸ்டமும் லினக்ஸின் சொந்த இஎக்ஸ்டி4. 2025 மே மாதம் இதன் மூல நிரலையும் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது.

இதற்கும் விலை உண்டு. உங்கள் சி டிரைவ், இந்த லினக்ஸுக்கு வெளியே இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் மாதிரிதான். அதிலுள்ள ஃபைலைத் தொடும் ஒவ்வொரு முறையும் 9பி என்ற நெட்வொர்க் புரோட்டோகால் வழியாகப் போய் வர வேண்டும். ஆகவே ஃபைல்கள் சி டிரைவிலேயே கிடந்தால் இரண்டாம் பதிப்பு முதல் பதிப்பைவிட மெதுவாக ஓடும், லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் நகலெடுத்துக்கொண்டால் பறக்கும். மெமரியும் கவனிக்க வேண்டிய விஷயம். தானாக விட்டால் மெஷினின் ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். டேலியும் பிரவுசரும் திறந்திருக்கும் 4 ஜிபி கம்ப்யூட்டரில் அது தாங்காது. கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி) திறந்திருக்கவும் வேண்டும்.

கருப்பூரிலும் ஓமலூர் சாலையிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் டபிள்யூஎஸ்எல்லைத்தான் சொல்வேன். நாளை அவர்கள் எழுதும் புரோகிராம் ஏதோ ஒரு லினக்ஸ் சர்வரில்தான் ஓடப்போகிறது. அதே லினக்ஸில் பழகுவது நல்லது. 2011-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அது நல்ல யோசனை. ஆனால் லினக்ஸுக்குப் போக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றால், கையில் நடந்துகொண்டிருக்கும் வேலையை மூடிவிட்டு யாரும் போவதில்லை. பக்கத்து ஜன்னலில் லினக்ஸ் திறந்திருந்தால்தான் தினமும் தொடுவார்கள். சேகோ பாக்டரி ஆபீசுக்கோ, செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டிக்கோ டபிள்யூஎஸ்எல் தேவையில்லை, கிட் பேஷ் அல்லது பிஸிபாக்ஸ் போதும்.

விண்டோஸின் இன்னொரு கமாண்ட் ஜன்னலான பவர்ஷெல் பற்றி ஒரு வார்த்தை. அதில் கேட், எல்எஸ், ஆர்எம் என்று அடித்தால் ஏதோ நடக்கும். ஆனால் அவை யூனிக்ஸ் கருவிகள் அல்ல, பவர்ஷெல்லின் சொந்தக் கமாண்டுகளுக்கு வைத்த மாற்றுப்பெயர்கள். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில் வெளியீட்டை > போட்டு ஃபைலில் எழுதினால் அது யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் பதிவாகும். அதைக் கிரெப்பிடம் கொடுத்தால் தேடிய சொல் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சொல்லும். யூனிக்ஸ் கருவிகளை பேஷ் ஜன்னலில் ஓட்டுவதே நல்லது. கமாண்ட் பிராம்ப்டிலும் இதே நிலைமைதான். புத்தகத்தில் உள்ள ஆக் கமாண்ட் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருக்கும், கமாண்ட் பிராம்ப்டுக்கு அந்தக் குறியே புரியாது. 'ஃபைண்ட்', 'சார்ட்' என்று அடித்தால் விண்டோஸின் சொந்த 'ஃபைண்ட்', 'சார்ட்' வந்து நிற்கும்.

ஒரே ஊர் இரண்டு தடவை வந்தால்

இப்போது எடைமேடைக்குத் திரும்புவோம். ஐந்து கருவிகளையும் கோர்த்து ஓட்டியாகிவிட்டது. பட்டியலில் ஆத்தூர் ஒரு எண்ணோடு மேலே இருக்கிறது. நாலு வரி தள்ளி இன்னொரு ஆத்தூர், வேறொரு எண்ணோடு. எழுத்துப் பிழை இல்லை, இடைவெளி இல்லை, இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

காரணம் வரியின் முடிவில் இருக்கிறது. யூனிக்ஸ் ஃபைலில் ஒவ்வொரு வரியும் ஒரு பைட்டில் முடியும்: அடுத்த வரிக்குப் போ என்பது. விண்டோஸில் இரண்டு பைட்: முதலில் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, பிறகு அடுத்த வரிக்குப் போ. டெலிடைப் மெஷின் காலத்து ஏற்பாடு இது. சிபி/எம் வழியாக டாஸுக்கு வந்து விண்டோஸில் தங்கிவிட்டது. யூனிக்ஸ் கருவிக்கு அந்த முதல் பைட் வரியின் முடிவு அல்ல, கடைசிப் பத்தியில் இருக்கும் இன்னொரு எழுத்து. நம் ஃபைலில் கடைசிப் பத்தி ஊர். எடைமேடை சாஃப்ட்வேர் எழுதிய மாதங்களில் ஆத்தூருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் ஒட்டியிருக்கும். யாரோ நடுவில் வேறு எடிட்டரில் திறந்து சேமித்த மாதத்தில் அது இருக்காது. 'யுனிக்' இரண்டையும் வேறு வேறு ஊராகவே எண்ணும். அது சொல்வது சரிதான், பைட்டுகள் வேறுதான்.

'ஃபைல்' என்ற கமாண்டிடம் ஒவ்வொரு ஃபைலையும் கொடுத்தால் எதில் எந்த வரி முடிவு என்று சொல்லிவிடும். 'டாஸ்டுயூனிக்ஸ்' கமாண்ட் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றித் தரும். கிட் பேஷில் இரண்டும் உண்டு, பிஸிபாக்ஸில் இரண்டாவது உண்டு. மூல ஃபைல்களைத் தொடாமல் நகலில் மாற்றுவது அவசியம், ஏனென்றால் டாஸ்டுயூனிக்ஸ் அதே ஃபைலின் மேலேயே எழுதிவிடும். இந்தச் சோதனையை எந்தக் கணக்குக்கும் முதல் படியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நோட்பேடுக்கே யூனிக்ஸ் வரி முடிவு 2018-ல்தான் புரிய ஆரம்பித்தது. அதற்கு முந்தைய பழைய மெஷின்களில் அப்படிப்பட்ட ஃபைலைத் திறந்தால் முழுக் கணக்கும் ஒரே வரியாக ஓடும்.

பூட்டு விஷயமும் ஒன்று. விண்டோஸில் எக்செல் திறந்து வைத்திருக்கும் ஃபைலை இன்னொரு புரோகிராம் அழிக்கவோ மாற்றி எழுதவோ முடியாது. யூனிக்ஸில் முடியும். பக்கத்து சீட்டில் ஒருவர் அதே சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து வைத்திருந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். கமாண்டில் தப்பு தேட வேண்டாம், எக்செல்லை மூடச் சொன்னால் போதும்.

தமிழில் இருக்கும் ஃபைல்கள்

ஊர்ப் பெயர் தமிழில் இருந்தால் முதலில் எக்செல்லைக் கவனிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், பிறகு மீட்க வழியில்லை. யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். முதல் வரியின் தொடக்கத்தில் எதையாவது கிரெப் போட்டுத் தேடும்போது கிடைக்கவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் வேறு கதை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தக் கருவியும் அவற்றில் தமிழைத் தேடாது.

யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'சேலம்' என்பதில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், மொத்தம் 15 பைட். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. எனவே 'கட்' கருவியிடம் முதல் பத்து எழுத்தை வெட்டு என்று சொன்னால் அது பைட்டை எண்ணி, ஒரு தமிழ் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். காற்புள்ளியைப் பார்த்துப் பத்தியாக வெட்டும்போது இந்தச் சிக்கல் வராது. டெர்மினல் ஜன்னலில் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரிந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. அது ஜன்னல் எழுத்தைக் காட்டும் விதத்தில் உள்ள குறை. ஃபைலை நோட்பேடில் திறந்தால் தமிழ் சரியாகவே இருக்கும்.

அகரவரிசை இன்னும் நுட்பமானது. டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டுவை நிறுவியவுடன் 'சார்ட்' யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். அந்த வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. அதில் ன-வுக்கு ந-வின் பக்கத்திலேயே இடம், ற-வுக்கு ர-வின் பக்கத்தில், வ-வோ ழ, ள இரண்டுக்கும் பின்னால். பரமத்தி, பல்லடம், பவானி, பள்ளிபாளையம், பனமரத்துப்பட்டி என்று வர வேண்டிய பட்டியல் பனமரத்துப்பட்டி, பரமத்தி, பல்லடம், பள்ளிபாளையம், பவானி என்று வரும். லோடு எண்ணிக்கைக்கு இதனால் பாதகமில்லை, ஒரே பெயர்கள் சேர்ந்து வந்தால் போதும். ஆனால் ஊர்வாரிப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால், பனமரத்துப்பட்டிக்காரர் தன் ஊரைக் கடைசியில் தேடுவார். உபுண்டுவில் இந்தியத் தமிழ் லொக்கேலை (மொழிக்கேற்ற அகரவரிசை போன்ற அமைப்பை) உருவாக்கி, 'சார்ட்' ஓடும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் ப-வரிசை நம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே அடுக்கி வரும். பிஸிபாக்ஸுக்கு இந்த வித்தை தெரியாது. இந்த ஒரு பட்டியலுக்காக மட்டும் ஃபைலை டபிள்யூஎஸ்எல் உள்ள மெஷினுக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும்.